கடல் கொட்டிவைத்த மணல்

“இதுக்குன்னு தனியா ஒரு ஆளா?” என்று கேட்டார் விசாரணை அதிகாரி.

“ஆமா மேடம். தனி மேஜை, தனி விளக்கு. டீ மட்டும் எல்லாரோடயும் சேர்த்துதான்,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மூலையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தட்டச்சர் சிரித்தார். பிறகு அதிகாரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தச் சிரிப்பை இருமலாக்கி முடித்துக்கொண்டார். நல்ல மனிதர். அன்று காலையிலிருந்து அந்த அறையில் என் வேலையைப் பாதியாவது புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

நான் மொழி திருத்துபவன். கடற்கரையில் எதையாவது கட்ட விரும்புகிறவர்கள், கட்டினால் கடலுக்கும் கரைக்கும் என்ன ஆகும் என்று முதலில் ஓர் அறிக்கை தர வேண்டும். அது சட்டம். அந்த அறிக்கையைத் தயாரித்துக் கொடுப்பது எங்கள் நிறுவனம். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி, மொத்தம் ஒன்பது பேர். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை வரும். கடலைப் பற்றி ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதப்பட்ட அந்த இடத்திலிருந்து கடல் தெரியாது. அதுவும் நல்லதுதான். தெரிந்தால் கவனம் சிதறும்.

ஆய்வாளர்கள் கரைக்குப் போவார்கள். அளப்பார்கள், எண்ணுவார்கள், முதுகுத் தோல் உரிந்து திரும்பி வருவார்கள். கண்டதை எழுதித் தருவார்கள். அவர்கள் எழுதுவதில் உண்மை நிறைய இருக்கும். அதனாலேயே படிக்க முடியாது. ‘மீன் செத்து மிதந்தது’ என்று எழுதினால், அதைப் படிக்கிற அனுமதிக் குழுவினருக்கு மதியச் சாப்பாடு எப்படி இறங்கும்? ‘மீன் இருப்பில் பருவகால ஏற்ற இறக்கம் காணப்பட்டது’ என்று மாற்றுவேன். சாம்பல் கலந்த கழிவுநீரை ஒருமுறை ‘கனிமச் செறிவுள்ள நீர்’ என்று எழுதினேன். அதைப் பாட்டிலில் அடைத்து விற்கலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டதாகச் சொன்னார்கள். அக்கறையான மனிதர். நான் யாரையும் ஏமாற்றியதில்லை. வெளியே அனுப்புகிற விஷயத்துக்கு நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டு அனுப்புவேன், அவ்வளவுதான்.

எங்கள் முதலாளிக்கு அலுவலகத்தில் ‘சுமுகம்’ என்று பெயர். எதை எடுத்தாலும் “சுமுகமா முடிச்சிடலாம்” என்பார். பல் பிடுங்கப் போன இடத்தில் மருத்துவரிடமும் அதையே சொன்னாராம்.

சுமுகத்திடம் ஒரு நாள் நிலக்கரி இறங்குதுறை ஒன்று வந்து சேர்ந்தது. கப்பலிலிருந்து இறக்கும் நிலக்கரியைக் கொட்டிவைக்க இடம் வேண்டும். துறைக்காரர்கள் கேட்ட இடத்தில் ஒரு மணற்குன்று படுத்திருந்தது. ஏழு மீட்டர் உயரம், நானூறு மீட்டர் நீளம், மேலெல்லாம் கொடி படர்ந்து வேர் இறங்கியது. அதற்கு அந்தப் பக்கம் கடல். இந்தப் பக்கம் அறுபத்திரண்டு வீடுகள். மணற்குன்றைத் தொடக்கூடாது என்று கடற்கரை விதி சொல்கிறது. விதியை எழுதியவருக்கு அன்று வேறு வேலை இருந்திருக்காது.

மூன்று பொறியாளர்கள் மூன்று வரைபடங்கள் போட்டார்கள். எந்த வரைபடத்திலும் குன்று நகரவில்லை. சுமுகம் என் மேஜை ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நீ ஒரு வழி சொல்லேன்பா. இவனுங்க ஸ்கேல வெச்சுக்கிட்டு மண்டைய சொறியறானுங்க.”

நான் தாவர ஆய்வாளரின் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அவரை நாங்கள் செடியம்மா என்போம். எங்கே போனாலும் பையில் ஒரு வாடிய கொடியோடு திரும்புவார். ‘கொடிகள் வேர்பிடித்து நிலைத்த மணற்குன்று’ என்று எழுதியிருந்தார். நல்ல வாக்கியம். கொஞ்சம் கனம் அதிகம். முன்னால் இருந்த சொற்களை அடித்தேன். ‘மணற்குன்று’ என்பதை அடித்து ‘மணல் குவியல்’ என்று எழுதினேன்.

பேனாவை எடுத்தது முதல் மூடியது வரை ஒரு நிமிடம் ஆகியிருக்காது. ஆனால் யோசித்துப் பாருங்கள். குன்று என்பது தானாக இருப்பது. குவியல் என்பது யாரோ கொட்டியது. குன்றில் கை வைத்தால் குற்றம். குவியலை அள்ளினால் சுத்தம். கடற்கரை விதிகள் அத்தனையிலும் குவியல் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

செடியம்மா திருத்திய படியைப் பார்த்துவிட்டு வந்தார்.

“குவியல்னா யாராவது கொட்டியிருக்கணுமே. யாரு கொட்டினா?”

“கடல்தான்.”

“எப்போ?”

“ரெண்டாயிரம் வருஷமா கொட்டிட்டு இருக்கு. ஒரு அனுமதி கிடையாது, ஒரு ரசீது கிடையாது.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். போகும்போதுகூடச் சிரித்துக்கொண்டே போனார். இரண்டு வாரம் கழித்து, அச்சாகி வந்த அறிக்கையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். “நான் அத ஜோக்குன்னு நெனச்சேன்,” என்றார். அந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டார். போகிறவர் தன் களக் குறிப்பேட்டையும் எடுத்துப் போயிருக்கிறார். இப்போது அது அதிகாரியின் மேஜைமேல் இருக்கிறது. அலுவலகச் சொத்து. அது எப்படி வெளியே போனது என்று யாரும் விசாரிப்பதாகத் தெரியவில்லை.

இதற்காக யாரிடமாவது ஏதாவது வாங்கினீர்களா என்று அதிகாரி கேட்டார். இல்லை. ஒரு பேனாகூட வாங்கவில்லை. சுமுகம் என் தோளில் தட்டி, “மூணு எஞ்சினியரால முடியாதத ஒத்தச் சொல்லுல முடிச்சிட்டியேப்பா,” என்றார். பொறியாளர்கள் மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பதினொரு வருடமாக அந்த மேஜையில் ஒற்றுப்பிழை பொறுக்கிக்கொண்டிருந்தவனை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

இனி அந்த அறுபத்திரண்டு வீடுகள். அதில் ஒன்று என் அக்காவின் வீடு. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா என்றார் அதிகாரி. யாரும் கேட்கவில்லையே என்றேன். அத்தான் படகு வைத்திருந்தார். அக்கா வலைக்கு மிதவை கட்டுவாள். பெண்கள் இரண்டு பேர், பெரியவள் தறுதலை, சின்னவள் சமர்த்து. விடுமுறை நாளில் போனால் அந்தக் குன்றின்மேல் ஏறி உட்கார்ந்துதான் நானும் அத்தானும் பேசுவோம். ஆகவே அது குன்று என்பது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியாமல் செய்தால் அது திருத்தம் ஆகாது, பிழை ஆகிவிடும்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் குடியிருப்பின் நுழைவில் மணல் குவியல் ஒன்று நிஜமாகவே இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் சாலை போட வந்த ஒப்பந்தக்காரர் கொட்டிவிட்டுப் போனது. அடியில் ஜல்லி, மேலே மண். காற்றடித்தால் ஊர் முழுக்கப் புழுதி. காய்கிற துணியில் மண், குடிதண்ணீர்க் குடத்தில் மண். அதை எடுக்கச் சொல்லி ஊரார் பதினொரு மனு கொடுத்திருந்தார்கள். அதில் ஆறு நான் எழுதிக் கொடுத்தது. ‘குவியல்’ என்றால் அந்த ஊரில் அது ஒன்றுதான். கடலோரம் இருந்ததை அவர்கள் ‘மேடு’ என்பார்கள்.

அறிக்கைக்கு அனுமதி வேண்டுமென்றால் ஊரைக் கூட்டி, சுருக்கத்தைப் படித்துக் காட்டி, கருத்துக் கேட்க வேண்டும். பள்ளிக்கூடக் கூடத்தில் பகல் பதினொரு மணிக்குக் கூட்டம். நல்ல குரல் என்று என்னையே படிக்கச் சொன்னார்கள். இறங்குதுறையால் வேலைவாய்ப்பு, சாலை, விளக்கு என்று படித்துக்கொண்டே போனேன். யாரும் அசையவில்லை. விளக்கும் வேலையும் அவர்கள் பல கூட்டங்களில் கேட்டவை. கடைசிப் பக்கத்தில், ‘குடியிருப்பை ஒட்டியுள்ள மணல் குவியல் திட்டச் செலவிலேயே முழுமையாக அகற்றப்படும்’ என்று படித்தேன்.

கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பின்வரிசையிலிருந்து படகு இன்ஜின் மெக்கானிக் எழுந்தார்.

“எப்ப எடுப்பீங்க, அதச் சொல்லுங்க மொதல்ல.”

“அனுமதி கிடைச்ச உடனே,” என்றார் மேடையிலிருந்த அரசு அலுவலர்.

“அனுமதி கினுமதின்னு இழுக்காம நாளைக்கே அள்ளுங்க. கண்ணெல்லாம் மண்ணு. சோத்துல பாதி அதுதான்.”

“கூட்டிப் பெருக்கிக் கூட்டிப் பெருக்கி என் இடுப்பே போச்சு,” என்றார் ஒரு பெண். எல்லோரும் சிரித்தார்கள். கை தட்டினார்கள். சுமுகம் மேடையில் கைகூப்பினார். இத்தனை சுமுகம் அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைகிற நேரத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“தம்பி, ரோட்டுக்காரன் கொட்டுன குவியலத்தானே எடுக்கறாங்க?”

“குவியலத்தான்க்கா.”

“இல்ல, குடியிருப்ப ஒட்டின்னு படிச்சியே. மனசுல என்னமோ உறுத்துச்சு.”

“உனக்கு எதுதான் உறுத்தாம இருந்திருக்கு,” என்றேன். அவள் என் தலையில் லேசாகக் குட்டிவிட்டு, கையெழுத்துப் போடுகிற வரிசையில் போய் நின்றாள்.

கூட்டக் குறிப்பு எழுதியதும் நான்தான். ‘மணல் குவியலை விரைந்து அகற்றுமாறு பொதுமக்களே ஒருமனதாகக் கோரினர்.’ இதில் ஒரு சொல்லாவது பொய் என்று யாராவது காட்டட்டும். அதிகாரியிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இயந்திரங்கள் வந்து கடலோரத்தில் வாய் வைத்தபோது ஊர் திரண்டு போனது. துறைக்காரர்கள் கூட்டக் குறிப்பை எடுத்துக் காட்டினார்கள். கீழே நூற்று நாற்பது கையெழுத்து. மெக்கானிக் தன் கையெழுத்தையே விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டேன். இருபத்தாறு நாளில் மேடு தரையானது. நுழைவில் இருந்த குவியல் மட்டும் அங்கேயே இருந்தது. அறிக்கையில் அது இல்லையே.

அக்கா என்னைத் தேடி அலுவலகத்துக்கே வந்தாள். இரண்டு மாடி ஏறிய மூச்சிரைப்போடு, “நீ குவியல்னுதானடா சொன்ன?” என்றாள்.

“நானும் அப்படித்தான்க்கா நெனச்சேன். மேல இருக்கறவங்க மாத்திட்டாங்க.”

அவள் முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்தாள். பிறகு, “உன்னயும் ஏமாத்திட்டாங்களா. பாவம், உனக்கு இந்தச் சூதுவாதெல்லாம் தெரியாதே,” என்றாள். போகும்போது, சரியாகச் சாப்பிடு, இளைத்துப்போய்விட்டாய் என்றாள். அவள் மனம் ஆறிப் போனதில் எனக்கும் ஆறுதலாக இருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த ஆறுதல் அவளுக்குக் கிடைத்திருக்குமா?

இதுவரை சொன்னதெல்லாம் அலுவலக வேலை. என்னைக் கூப்பிட்டது இதற்காக அல்ல என்பது தெரியும். அதற்கு இப்போது வருகிறேன்.

மேடு போன நான்காவது மாதம், புயல் காலத்துக்கு முன்னால், பேரிடர் அலுவலகத்திலிருந்து ஒரு பட்டியல் பிழைதிருத்தத்துக்கு வந்தது; அவர்களுடைய தாள்களுக்குப் பிழை பார்ப்பதும் எங்கள் அலுவலகம்தான். கடல் பொங்கினால் எந்தெந்தக் குடியிருப்பை முதலில் காலி செய்வது, எங்கே பேருந்து அனுப்புவது என்ற பட்டியல். இரண்டு அட்டவணைகள். முதலாவது, காலி செய்ய வேண்டியவை. இரண்டாவது, இயற்கை அரண் இருப்பதால் காலி செய்யத் தேவையில்லாதவை. அக்காவின் குடியிருப்பு இரண்டாவதில் இருந்தது. காரணம் என்ற கட்டத்தில், ‘மனற்குன்று, ஏழு மீட்டர்’ என்று போட்டிருந்தார்கள். பழைய கணக்கெடுப்பைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். போய்ப் பார்த்து எழுதுகிற வழக்கம் அங்கே இல்லை.

நான் அந்தக் கட்டத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வரியை அடித்து முதல் அட்டவணையில் சேர்த்திருக்கலாம். சேர்த்தால், ஏழு மீட்டர் குன்று எங்கே போனது என்று யாராவது கேட்பார்கள். எங்கள் அறிக்கையை எடுப்பார்கள். அதில் குன்று என்பதே கிடையாது. ஒரே மணல், ஓர் அலுவலகத்தில் ஏழு மீட்டர், இன்னோர் அலுவலகத்தில் யாரோ கொட்டிய குப்பை. இரண்டும் ஒரே மேஜையில் சந்திக்காதவரை இரண்டும் சரி. நான் ஏன் சந்திக்க வைக்க வேண்டும்? அதுவும், எனக்குக் கொடுத்த வேலை எழுத்துப் பிழை பார்ப்பது மட்டும்தான்.

‘மனற்குன்று’ என்பது பிழை. றன்னகரம் வரக் கூடாது. சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் ‘ண’ போட்டேன். கீழே கையெழுத்திட்டு அனுப்பினேன்.

அந்தத் தாளின் படி அதிகாரியிடம் இருக்கிறது. குறிப்பேட்டையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். அந்த ‘ண’ அழகாக விழுந்திருக்கிறது. அவசரத்தில் போட்டதல்ல என்று யாருக்கும் தெரியும்.

புயல் அன்று காலை பத்து மணிக்கு அக்கா கூப்பிட்டாள். போனில் காற்றுச் சத்தம்தான் முதலில் கேட்டது.

“தம்பி, ரெண்டு பக்கத்து ஊருக்கும் பஸ் வந்து ஏத்திட்டுப் போயிட்டாங்க. நம்ம ஊரு லிஸ்ட்ல இல்லயாம். அத்தான் கெளம்பலாங்கறாரு. சாமான் மூட்ட கட்டி வெச்சிருக்கேன். நீ என்னடா சொல்ற?”

சுமுகம் எதிரே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்ல வேண்டியது ஒரு சொல்தான். கிளம்பு என்று சொல்லியிருந்தால் அவள் கிளம்பியிருப்பாள், அவள் பின்னால் ஊரே கிளம்பியிருக்கும். படித்த தம்பி சொன்னான் என்றுதான் அந்த ஊரில் பல காரியம் நடந்திருக்கிறது. ஆனால் பட்டியலில் இல்லாத ஊர் ஏன் கிளம்பியது என்று மறுநாள் கேட்பார்களே. மேடு இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும், தெரிந்தும் பட்டியலில் ஏன் திருத்தவில்லை என்று கேட்பார்களே. அந்த மறுநாளைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடல் வராமலும் போகலாம் இல்லையா? பாதிப் புயல்கள் கடைசியில் திசை மாறிவிடுகின்றன.

பிற்பகல் இரண்டரைக்குக் கடல், மேடு இருந்த நானூறு மீட்டர் வழியாக உள்ளே வந்தது. வேறெங்கும் வரவில்லை. பிழைத்தவர்கள் நுழைவில் இருந்த ஒப்பந்தக்காரரின் குவியல்மேல் ஏறி நின்றிருக்கிறார்கள். ஆக, ஊரைக் காப்பாற்றியது குவியல்தான் என்றால், அதுவும் பொய் இல்லை.

இறந்தவர்கள் பதினேழு பேர். அதில் இரண்டு பேர் எனக்கு உறவு. அத்தான், பிறகு அக்காவின் சின்ன மகள். அந்தக் குழந்தை மூன்று னகரமும் பிழையில்லாமல் எழுதும். நான் சொல்லிக் கொடுத்தது.

எனக்கு வருத்தம் இல்லை என்று யாரும் நினைக்கக் கூடாது. பதினாறாம் நாள் வரை நான் அலுவலகத்துக்குப் போகவில்லை. ஆனால் யாருக்கும் கெடுதல் நினைத்து நான் எதையும் செய்யவில்லை. இயந்திரம் ஓட்டியது நானா, அனுமதியில் கையெழுத்துப் போட்டது நானா, காற்றை அனுப்பியது நானா? ஒரு சொல்லும் ஓர் எழுத்தும்தான் என்னுடையவை. மீதியெல்லாம் மற்றவர்கள் செய்தது. இதை நான் அதிகாரியிடம் அமைதியாகத்தான் விளக்கினேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“போன்ல அக்காகிட்ட என்ன சொன்னீங்க? வார்த்த மாறாம சொல்லுங்க.”

“பயப்படாதக்கா. லிஸ்ட்ல இல்லன்னா ஆபத்து இல்லன்னு அர்த்தம். மூட்டையப் பிரிச்சு வெச்சுட்டு வீட்லயே இரு, அப்படின்னு சொன்னேன்.”

தட்டச்சரின் விரல்கள் கொஞ்சம் நின்றன. பிறகு அடித்தன.

என் வாக்குமூலம் ஏழு பக்கம் அச்சாகி வந்தது. கையெழுத்தானதும், இறந்தவர்களின் குடும்பத்தாருக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டும் என்றார் அதிகாரி. முதலில் அக்காவுக்கு. அவள் வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் என்னோடுதான் வந்தாள். ஊருக்காகச் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே வருவதற்கு முன், “ஒண்ணு விடாம எல்லாத்தயும் சொல்லிடுடா. எவன் செஞ்சான்னு எனக்குத் தெரியணும்,” என்றாள்.

ஏழு பக்கத்தையும் வரிவரியாகப் படித்தேன். தட்டச்சர் கெட்டிக்காரர். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. நான் சொன்னது சொன்னபடி இருந்தது. பேனாவைத் திறந்து, கடைசிப் பக்கத்துக்கு வந்து நிறுத்தினேன்.

“மேடம், எல்லாம் சரியா இருக்கு. ஒரே ஒரு இடம். ‘வீட்டிலேயே இரு என்று அக்காவிடம் நான் சொன்னேன்’னு போட்டிருக்கு பாருங்க. அத மட்டும், ‘வீட்டிலேயே இருக்குமாறு தெரிவிக்கப்பட்டது’ன்னு மாத்திக்கலாமா?”